பேஜாரு இல்ல என்றது திரை

எங்கள் கம்பெனியில் என் பதவிக்குப் பெயர் சிஸ்டம்ஸ் ஆபீசர். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். அந்த டிபார்ட்மென்டில் ஆபீசரும் நானே, அவருக்குக் கீழே வேலை செய்பவனும் நானே, பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் விரலை விட்டு இழுப்பவனும் நானே. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை அது. அங்கே எந்தக் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய், முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு, அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். பாதி நேரம் சரியாகிவிடும். மீதி நேரம், "மதியம் வந்து பார்க்கிறேன்" என்பேன். மதியத்துக்குள் அதுவாகச் சரியாகிவிடும். இந்த இரண்டு வித்தைகளை வைத்துக்கொண்டே ஒரு கல்யாணமும் முடித்து, கவரைப்பேட்டையில் வாடகைக்கு வீடும் பிடித்துவிட்டேன்.

இரண்டு வித்தையும் பலிக்காத விவகாரம் ஒன்று வந்தது. அதில் மாட்டிக்கொண்டது நான் இல்லை. இரண்டாவது கேட்டில் எடைமேடை பார்க்கும் அக்கா.

கம்பி ஏற்ற வரும் லாரி முதலில் காலியாக எடைமேடையில் ஏறும். அது காலி எடை. உள்ளே போய்க் கம்பி ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் ஏறும். அது லோடு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கம்பியின் எடை. அதைச் சீட்டில் அடித்துக் கொடுத்தால் லாரி கேட்டைத் தாண்டிப் போகும். இதற்கென்று கேட் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கேபின், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு சின்ன பிரிண்டர், அப்புறம் அக்கா. அவரைவிட வயதில் மூத்த டிரைவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காண்ட்ராக்ட் வேலை. அவரும் கவரைப்பேட்டைதான். காலையில் ஒரே ரயிலில் அவர் லேடீஸ் பெட்டியிலும் நான் பக்கத்துப் பெட்டியிலும் வருவோம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறுவோம். ஆட்டோவில் இடம் பிடிப்பதில் என்னைவிட அவர் கெட்டிக்காரர். நான் பெரும்பாலும் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு வருவேன்.

ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.

"ரெண்டாவது கேட் விஷயம். திருவள்ளூர் பார்ட்டி மறுபடியும் போன் பண்ணிட்டார். நம்ம சீட்டுல இருக்கிற எடை, அங்க இறக்கிப் பார்த்தா இல்லையாம். கம்பி குறையுதாம்."

"எல்லா லாரியிலுமா சார்?"

"அதான் இல்லை. ஒரே நாள்ல ரெண்டாவது ட்ரிப் போற லாரியில மட்டும். ரெண்டாவது தடவை வரும்போது அந்தம்மா வண்டியைக் காலியா ஏத்தறதே இல்லை, காலையில போட்ட எடையையே வச்சு சீட்டு அடிச்சுடறாங்கன்னு சொல்றாங்க. டிரைவருங்களோட சேர்ந்துக்கிட்டு."

"யாரு சார் சொல்றது?"

"எல்லாரும்தான்."

எங்கள் ஆலையில் எல்லாரும் என்றால் டிஸ்பாட்ச் செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர்.

"மாசக் கடைசியில காண்ட்ராக்ட் ஆளுங்க பேரைப் புதுப்பிக்கணும். நீங்க ஒரே ஒரு மெயில் போட்டுடுங்க. சிஸ்டம் சரியா இருக்குன்னு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

சிஸ்டம் சரியாக இருக்கிறது என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பழக்க தோஷத்தில் ஒரு முறை ஏசி ரிப்பேருக்கும் அதையே எழுதி அனுப்பியவன் நான். ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரி போனால், சிஸ்டத்தில் தப்பில்லை, ஆகவே ஆளிடம்தான் தப்பு என்று கணக்கு முடிந்துவிடும்.

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

"பார்க்க என்ன இருக்கு?"

"புரோகிராம் கோடைப் பார்க்கணும் சார்."

என் வாய்தான் சொன்னது. அதுவரை அந்த எடைமேடை புரோகிராமின் கோடை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எழுதியது. அவர் சென்னையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்கு வேலை மாறிப் போய்விட்டார். நான் அவருடைய நாற்காலியையும், அதன் உடைந்த சக்கரத்தையும், அவர் எழுதிய புரோகிராம்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். சக்கரத்தை மட்டும் மாற்றியிருந்தேன்.

மாலையில் கேட்டைத் தாண்டும்போது அக்கா கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, உன்கிட்ட கையெழுத்து கேட்டாங்களாமே."

"கையெழுத்து இல்லக்கா. மெயில்."

"எதுவா இருந்தா இன்னா. என் பேர அடிக்கத்தானே."

"அக்கா, நீங்க ரெண்டாவது ட்ரிப்புக்கு வண்டிய காலியா ஏத்துறீங்களா, இல்லியா?"

"நீயும் கேக்கிற பாரு, நைனா." கோபம் வந்தால்தான் அவருக்கு நான் நைனா. "ஒவ்வொரு வண்டியையும் ஏத்திக்கினுதான் கீறேன். காலையிலதான ஏத்தின, மறுபடியும் இன்னாத்துக்குன்னு டிரைவருங்க என்னைத் திட்டிக்கினே ஏர்றானுங்க. அவனுங்ககிட்டயும் திட்டு, ஆபீஸ்லயும் திருட்டுப் பட்டம்."

"நான் கண்டுபிடிச்சுடறேன்க்கா."

"நீயா?" அக்கா சிரித்தார். "போன வாரம் மவுஸு ஆடலன்னு சொன்னேன். பேட்டரி மாத்தணும்னு சொல்லிட்டுப் போன. அது ஒயரு வச்ச மவுஸு."

ஆனால் ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க வரும்போது முடிவு செய்துகொண்டேன். அந்த மெயிலை எழுதுவதற்கு முன்னால் அந்தப் புரோகிராமில் உள்ள ஒவ்வொரு வரியையும் தெரிந்துகொள்வது. தெரியவில்லை என்றால் தெரியும்வரை எழுதாமல் இருப்பது.

மறுநாள் காலை கம்ப்யூட்டரின் டி டிரைவைத் திறந்தேன். எடை என்றொரு ஃபோல்டர். எடை புதுசு என்று ஒன்று. எடை ஃபைனல். எடை ஃபைனல் ஓகே. இதையே யூஸ் பண்ணு. இதை யூஸ் பண்ணாதே. கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பார்த்தால், புத்தம் புதிதாகத் திருத்தியிருப்பது யூஸ் பண்ணாதேயைத்தான். எதற்குள் போனாலும் ஒரே மாதிரி கோப்புகள். கண்ணால் படித்துப் பார்த்தேன். மூன்றாவது கோப்பிலேயே கொட்டாவி வந்து, நான் எந்த ஃபோல்டரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

கோடை இண்டெக்ஸ் செய்யும் கருவி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். தடித்த புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அடுக்கியிருப்பார்கள் அல்லவா, அந்த வேலையைப் புரோகிராம்களுக்குச் செய்து தரும் கருவி. ஒரு ஃபோல்டரைக் காட்டி ஒரு பெயரும் வைத்தால், அதை ஒரு ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பதை எல்லாம் வரி விடாமல் படித்து வைத்துக்கொள்ளும். பிறகு நாம் ஒரு சொல்லைக் கேட்டால், இது இந்த இந்த இடங்களில் இருக்கிறது என்று காட்டும். ஏற்றினேன். எந்த ஃபோல்டர் என்று கேட்டது. எனக்கு ஃபோல்டர் பொறுக்கப் பொறுமை இல்லை. மொத்த டி டிரைவையும் காட்டினேன். ப்ராஜெக்டின் பெயர் என்ன என்றது. எல்லாம் என்று போட்டேன்.

கம்ப்யூட்டரின் விசிறி மேடேறும் லாரி மாதிரி முனக ஆரம்பித்தது. டிஸ்பாட்சிலிருந்து ரிப்போர்ட் வரவில்லை என்று போன் வந்தது. மதியம் வந்து பார்க்கிறேன் என்றேன். ஒருவழியாகக் கருவி படித்து முடித்ததும், கம்பியின் எடையைக் கணக்குப் போடும் இடத்தைப் பிடிக்கலாம் என்று, நிகர எடைக்கு எல்லாரும் சொல்லும் 'நெட்' என்ற சொல்லைக் கொடுத்தேன். கொட்டியது. இன்டர்நெட் வந்தது, கேபினெட் வந்தது, ஆலையின் பழுது பார்க்கும் பிரிவில் யாரோ எழுதி வைத்திருந்த மேக்னெட் பட்டியல் வந்தது. அவற்றுக்கு நடுவே, வந்த எடையை விட்டுவிட்டுப் பழைய எடையை எடுத்துப் போடுவதுபோல் ஒரு வரியும் வந்தது. துள்ளிக் குதித்தேன். நேராகக் கேபினுக்கு ஓடி, "அக்கா, புடிச்சிட்டேன், புரோகிராம்லதான் தப்பு" என்றேன்.

அக்கா தன் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசமாக்கா."

திரும்பி வந்து அந்த வரியை நிதானமாகப் படித்தேன். அது கேண்டீன் புரோகிராம். நேற்று மிஞ்சிய இட்லி மாவின் எடையை இன்றைய கணக்கில் சேர்க்கும் வரி.

மறுபடி கேபினுக்குப் போய் அதைச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அக்கா திட்டவில்லை. "இட்லி மாவா," என்று மட்டும் கேட்டார். பிறகு மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலைக்குள், 'எல்லாம்' என்று பெயர் வைத்த ப்ராஜெக்டை அழித்தேன். அறிவு அப்போதுதான் கொஞ்சம் வேலை செய்யத் தொடங்கியது. ஒரு புரோகிராமுக்கு ஒரு ப்ராஜெக்ட் என்று பிரித்தேன். கேண்டீன் தனி. வருகைப் பதிவு தனி. எடைமேடை தனி. பெயரைத் தமிழில் வைத்துப் பார்த்தேன். கருவி அதைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. எடைமேடைக்கு ஆங்கில எழுத்தில் ரெண்டாவது கேட்டு என்று தட்டினேன். அதற்கு அது புரிந்தது. எந்த ஃபோல்டர் உயிரோடு இருக்கிறது, எது செத்துப் போனது என்று அறிய, இரண்டு கேட்டு எடைமேடையிலும் ஒரே புரோகிராம்தான் என்ற நினைப்பில், முதல் கேட்டில் ஓடும் புரோகிராமின் தேதியையும் ஒவ்வொரு ஃபோல்டரின் தேதியையும் வைத்துப் பார்த்தேன். யூஸ் பண்ணாதே என்பதுதான் உயிரோடு இருந்தது. வேறு யாரும் கை வைக்காமல் இருக்க முன்னவர் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார். புத்திசாலி.

படிக்க வேண்டாதவற்றை விலக்கி வைக்கவும் அந்தக் கருவியில் வழி உண்டு. மற்ற பிரதிகளை விலக்கினேன். ஆண்டு விழா வீடியோக்களை விலக்கினேன். பூஜை என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, அதையும் விலக்கினேன். எங்கள் பக்கம் எந்தக் கம்பெனிக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் பூஜை என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே மானிட்டருக்கு மாலை போட்ட படம், மெஷினுக்குப் பொட்டு வைத்த படம், பூசணிக்காய் உடைக்கும் வீடியோ, வாய் நிறையப் பொரியோடு சிரிக்கும் ஸ்டோர்ஸ் ஆள். அதில் கோடு எங்கே இருக்கப் போகிறது? கருவி இப்போது முனகவில்லை. சட்டென்று படித்து முடித்து, ரெடி என்று பச்சையில் காட்டியது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

மறுநாள் காலையிலிருந்து உட்கார்ந்து, காலி எடை சேமிக்கப்படும் இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. லாரி எத்தனை முறை வந்தாலும் புதிதாக எடுத்த எடையைத்தான் அது வாங்கிக்கொள்கிறது. காலை எடையை மறுபடி பயன்படுத்தும் வரி எங்கேயும் இல்லை. எந்தப் பக்கம் தேடினாலும் புரோகிராம் சரி.

அப்படியென்றால் அக்காதான்.

மெயிலைத் திறந்து, சிஸ்டம் சரியாக, என்றுவரை அடித்தேன். அடித்துவிட்டு அந்தப் பாதி வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இட்லி மாவைக் கொண்டுபோய்க் காட்டியவனுக்கு, கருவி பச்சையில் காட்டியதை நம்பி ஒருத்தர் பேரை அடிக்க என்ன தகுதி என்று தோன்றியது. புரோகிராமைப் பார்த்தாயிற்று, ஆளைக் கேட்டாயிற்று. எடை போடுவதை மட்டும் இதுவரை கண்ணால் பார்க்கவில்லை. அந்த மெயிலை மூடிவிட்டுக் கேபினுக்குப் போனேன்.

"இன்னா, நாஷ்டா கடை கணக்கு முடிஞ்சுதா?" என்றார் அக்கா.

"அக்கா, நான் இங்க கொஞ்ச நேரம் குந்திக்கினு பார்க்கிறேன்."

"குந்து. ஆனா எதையும் தொடாத."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். காலையில் ஒரு நடை போய் வந்த லாரி ஒன்று மதியம் மறுபடி வந்தது. டீசல் டேங்கை நிரப்பிக்கொண்டு, கம்பிக்கு அடியில் போடும் மரக்கட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது; ரெண்டாவது நடை லாரிகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். காலையைவிட இப்போது கனம் கூடத்தான் இருக்கும்.

"அக்கா, காலையிலதான ஏத்தின," என்றார் டிரைவர், ஜன்னலில் தலையை நீட்டி.

"ஏத்துப்பா. ஆபீசரு வந்து குந்திக்கினு கீறாரு. இன்னிக்கு உன்னோடு சேர்த்து என்னையும் எட போடுவாரு."

லாரி காலியாக ஏறி நின்றது. எடை காட்டும் பெட்டியில் எண் நின்றது. அக்கா பட்டனை அமுக்கினார். கம்ப்யூட்டர் திரையில், ஒரு கண் இமைப்பு நேரம், ஒரு சின்னப் பெட்டி வந்து மறைந்தது.

"அக்கா, அது இன்னா?"

"எது?"

"இப்ப வந்து போச்சே."

"அதுவா, அது எப்பவும் வரும். ரெண்டாவது வாட்டி வர்ற வண்டிக்கு. பேஜாரு இல்லன்னு இங்கிலீஷ் எழுத்துல சொல்லும்."

"இதை ஏங்க்கா எனக்குச் சொல்லல?"

"பேஜாரு இல்லன்னு அதுவே சொல்லுது. தொல்லை இல்லன்னு சொல்றதுக்கு எதுக்கு நான் உன்னக் கூப்புடணும்? பேஜாருன்னு வந்தா கூப்பிட்டிருப்பேன்."

அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. கம்பி ஏற்றிக்கொண்டு லாரி திரும்பி வந்து, சீட்டு அடித்துப் போகும்வரை காத்திருந்தேன். அந்தச் சின்ன பிரிண்டரின் சீட்டில் வண்டி எண்ணும் கம்பியின் எடையும் மட்டும்தான் வரும். எந்தக் காலி எடையைக் கழித்திருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிய வழியே இல்லை. கம்ப்யூட்டரில் சேமித்திருந்ததைத் திறந்து பார்த்தேன். மதியம் லாரி ஏறி நின்றபோது என் கண்ணால் பார்த்த எண் அதில் இல்லை. காலை எடை இருந்தது. காலை எடை குறைவு. அதைக் கழித்தால், கட்டையும் டீசலும் கம்பிக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். அங்கே இறக்கிப் பார்ப்பவருக்குக் கம்பி குறையாமல் என்ன செய்யும்?

அதற்கு அடுத்து ரெண்டாவது நடையாக இன்னொரு லாரி வந்தது. இந்த முறை பெட்டி வரும்போதே படித்து, எழுத்துகளை அப்படியே உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். ஆங்கில எழுத்தில் பேஜாரு இல்ல. அறைக்கு ஓடினேன். கருவியிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன்.

ஒன்றும் இல்லை என்றது.

எழுத்தை மாற்றிக் கேட்டேன். முதல் எழுத்தை மாற்றினேன், கடைசி எழுத்தை நீக்கினேன், நடுவில் ஒன்றைச் சேர்த்தேன். பேஜாரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் பேஜார்தான். ஒன்றும் இல்லை. கேண்டீன் ப்ராஜெக்டிலும் கேட்டேன், வருகைப் பதிவிலும் கேட்டேன். இல்லை.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ரெண்டாவது கேட்டின் திரையில் ஒரு சொல் வருகிறது. வந்ததை என் கண்ணால் பார்த்தேன், கையில் எழுதியும் இருக்கிறது. அப்படியென்றால் அது ஏதோ ஒரு கோடில் இருந்தே ஆக வேண்டும். இண்டெக்ஸில் இல்லை என்றால், அந்தக் கோடை இண்டெக்ஸ் படிக்கவே இல்லை. அது ஏன் படிக்கவில்லை? நான் படிக்க வேண்டாம் என்று சொன்னதால். இத்தனை நேரம் புரோகிராம் சரி, புரோகிராம் சரி என்று கருவி சொன்னது, நான் காட்டியவரைக்கும் சரி என்றுதான்.

விலக்கி வைத்தவற்றைத் திறந்தேன். ஆண்டு விழா. பழைய பிரதிகள். அவற்றின் உள்ளே போய்ப் பார்த்தேன், அந்தச் சொல் இல்லை. மிச்சம் பூஜை.

பூஜைக்குள் ஒரே ஒரு புகைப்படம் இருந்தது. வெற்றிலை மேல் ஒரு பென் டிரைவ், அதற்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். மீதி எல்லாம் கோடு. எடைமேடை புரோகிராம் முழுவதும், அச்சு அசலாக.

பூஜையைச் சேர்த்துவிட்டு மறுபடியும் இண்டெக்ஸ் செய்யச் சொன்னேன். திரையில் பச்சைப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டே நகத்தைக் கடித்தேன். ரெடி என்றது. பேஜாரு என்று தட்டினேன். ஒரே ஒரு இடம் காட்டியது. அதன் பக்கத்திலேயே முன்னவர் ஆங்கில எழுத்தில் தமிழில் குறிப்பும் எழுதியிருந்தார்: அதே வண்டி, அதே நாள் என்றால் காலை எடையே போதும், பேஜாரு இல்ல.

அவருக்குப் போன் போட்டேன்.

"அட, அதுவா பிரதர்," என்றார். "ஆரம்பத்துல அப்படித்தான் போட்டிருந்தேன். டிரைவருங்க சண்டை போடறாங்கன்னு. அப்புறம் எடை ஒத்து வரலைன்னு தெரிஞ்சு அதைத் தூக்கிட்டேனே."

"ஒரு காப்பியில தூக்கல சார். பூஜைன்னு ஒரு ஃபோல்டர்."

பிறகு அவர் பேசிய விதத்திலேயே அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது தெரிந்தது.

"ஆயுத பூஜைக்கு ஆளாளுக்கு மெஷினைக் கும்பிட்டாங்க. என் மெஷின் கோடுதானே. பென் டிரைவுல போட்டு நானும் வச்சேன். மறுநாள் விஜயதசமி. பூஜையில வச்சதை எடுத்துத்தானே மொத வேலையை ஆரம்பிக்கணும்? அன்னிக்குத்தான் ரெண்டாவது கேட்டுக்குப் புரோகிராம் போடச் சொன்னாங்க. அதுலேர்ந்தே போட்டேன். அப்புறம் திருத்தினது எல்லாம் மெயின் காப்பியில மட்டும். ஐயோ, அந்தக் கேட்டுக்கு நான் மறுபடி போடவே இல்ல போல."

ஸ்பேனரை வைத்துக் கும்பிட்டால் மறுநாள் அது ஒரே ஸ்பேனராகத்தான் இருக்கும். கோடை வைத்துக் கும்பிட்டால் ரெண்டாகிவிடுகிறது. ஒன்று வளர்ந்துகொண்டே போகும், இன்னொன்று குங்குமத்தோடு அப்படியே நிற்கும்.

வாயால் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் போக இட்லி மாவு விடவில்லை. பூஜைக் காப்பியிலிருந்து புரோகிராமைத் தயார் செய்து, என் கம்ப்யூட்டரில் அந்த மதிய லாரியின் எண்களைக் கொடுத்தேன். பேஜாரு இல்ல என்று பெட்டி வந்தது, காலை எடையைப் பிடித்துக்கொண்டது. உயிரோடு இருக்கும் காப்பியிலிருந்து தயார் செய்து அதே எண்களைக் கொடுத்தேன். சரியான எடை வந்தது. இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு மேனேஜரின் அறைக்குப் போனேன். அவர் சொல்லாமலே உட்கார்ந்தேன்.

"அப்போ அந்தம்மா ஏத்தியிருக்காங்க."

"ஒவ்வொரு தடவையும் ஏத்தியிருக்காங்க சார். அவங்க போட்ட எடையை நம்ம புரோகிராம் வாங்கி வாங்கிக் குப்பையில போட்டுக்கினு இருந்திருக்கு." பேச்சுவாக்கில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

"இதைப் பார்ட்டிகிட்ட நான் எப்படிச் சொல்றது? பூஜை பண்ணினோம், அதனால கம்பி குறைஞ்சு போச்சுன்னா?"

"பழைய வெர்ஷன் ஓடிச்சுன்னு சொல்லுங்க சார்."

"சரி. அந்த மெயில் போட வேண்டாம் அப்போ."

"போடறேன் சார். வேற மாதிரி போடறேன்."

அவர் வேறொரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். வேண்டாம் என்று சொல்லாததையே அனுமதியாக எடுத்துக்கொண்டு வந்து எழுதினேன். சிஸ்டம் சரியாக இல்லை. இரண்டாவது கேட்டில் எடை போடுபவர் சரியாகவே போட்டிருக்கிறார். இரண்டே வாக்கியம். அதை மேனேஜருக்கும், டிஸ்பாட்ச் செக்‌ஷனில் எல்லாருக்கும், அதாவது இரண்டு பேருக்கும், அனுப்பினேன்.

பிறகு கேபினுக்குப் போய்ப் புதிய புரோகிராமை ஏற்றினேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெயிலை என் போனில் காட்டினேன். மெதுவாகப் படித்தார். மறுபடி படித்தார்.

"டிஸ்பாட்ச்ல படிச்சாங்களா?"

"போயிருக்குக்கா."

"போனா பத்தாது. என்னைத் திருடின்னு சொன்னவன் படிக்கணும். இத பேப்பர்ல எடுத்துக் குடு."

அச்செடுத்துக் கொடுத்தேன். அக்கா அதைக் கேபின் கண்ணாடியின் உள்பக்கம் எழுத்து வெளியே தெரியும்படி ஒட்டினார். எடைமேடையில் ஏறும் ஒவ்வொரு டிரைவரும், சீட்டு வாங்க வரும் டிஸ்பாட்ச் ஆட்களும் அதைப் பார்க்காமல் போக முடியாது.

"இன்னொண்ணு தம்பி. இனிமே சீட்டுல காலி எடையும் அடிச்சாவணும். லோடு எடையும் அடிச்சாவணும். நான் போட்டது எங்கப் போச்சுன்னு நான் பார்க்கணும்."

"பிரிண்டர் சின்னதுக்கா. எழுத்து பொடிசா வரும்."

"பொடிசா வரட்டும். கண்ணாடி போட்டுக்கறேன்."

அதையும் செய்தேன். மாசக் கடைசியில் காண்ட்ராக்ட் பெயர்கள் வந்தன. அவர் பெயர் இருந்தது. மேனேஜர் கேட்டைத் தாண்டிப் போகும்போது கார்க் கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாராம். "சிஸ்டத்தைத்தான சார் கேக்கறீங்க," என்றாராம் அக்கா. இதை அவரே ஷேர் ஆட்டோவில், எனக்குக் கிடைக்க வேண்டிய சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

நான் என் பங்குக்கு டி டிரைவைச் சுத்தம் செய்தேன். செத்த காப்பிகளை எல்லாம் ஒரே இடத்தில் மூட்டை கட்டினேன். ஒவ்வொரு கேட்டுக்கும் எந்த ஃபோல்டரிலிருந்து புரோகிராம் போடப்பட்டது என்பதை அந்தந்த ப்ராஜெக்டின் பெயரிலேயே சேர்த்தேன். விலக்கி வைக்கும் ஒவ்வொரு ஃபோல்டரையும் முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் விலக்குகிறேன். ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் இருந்த பூஜையையும் அப்படித் திறந்து பார்த்தேன். அதில் பூசணிக்காய்தான் இருந்தது. முழு வீடியோவையும் பார்த்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. எடைமேடைக்குக் கோலம் போட்டு, கேபினில் வாழைக்கன்று கட்டினார்கள். அக்கா சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பூஜைக்குக் கேபினைத் துடைத்துத் தருவதும் பொரியில் முதல் பங்கு வாங்குவதும் அவர்தான். பிரிண்டருக்குப் பொட்டு, மவுஸுக்குப் பொட்டு என்று வந்துகொண்டிருந்த பூசாரி என்னைப் பார்த்து, "ஆபீசர் ஒண்ணும் வைக்கலையா?" என்றார். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வெற்றிலை மேல் வைத்தேன்.

அக்கா முகம் மாறியது. "இன்னா தம்பி, மறுபடியுமா. உள்ள இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லக்கா. காலி."

பொரியை வாயில் போட்டுக்கொண்டே அக்கா அதைப் பார்த்தார். "அப்போ காலி எட எடுத்தாச்சு. லோடு ஏத்திக்கினு வந்தா என்கிட்ட ஏத்திக் காட்டிட்டுத்தான் வெளிய போவணும்."

வெளியே ஒரு லாரி ஹார்ன் அடித்தது. பூஜை நாள் என்று சொல்லியும் கேட்காமல் ரெண்டாவது நடைக்கு வந்திருந்தார் ஒரு டிரைவர். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, குங்குமம் வைத்த மவுஸை ஒரு விரலால் நகர்த்தி, அவரைக் காலியாக ஏறச் சொன்னார்.